திங்கட்கிழமை மூச்சு

4.11.2025, செவ்வாய். விடியும்போதே தூறல்.

எழுந்ததும் முதல் வேலையாக, மேனேஜருக்கு எழுதிய ஐந்து பக்கத் திட்டத்தை இரண்டு பக்கமாக வெட்டினேன். மேனேஜர் (மே.) அதற்கு மேல் படிக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை நின்றுகொண்டே பயணம். மில்லில் நல அலுவலராகப் பன்னிரண்டு வருடம். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கியதைத் தவிர என்ன செய்திருக்கிறேன்?

கேட்டது இவ்வளவுதான். பஞ்சுத் தூசியில் நிற்பவர்களுக்கு மாதம் ஒருமுறை, கருவியில் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை. ஒழுங்கான முகக்கவசம். மூச்சு குறைந்தவர்களுக்கு அதே சம்பளத்தில் தூசியில்லாத பிரிவு.

மே. இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை.

“திங்கக்கிழமைன்னா இவளுகளுக்கு நெஞ்சடைக்கும். செவ்வாக்கிழமை சரியாப் போகும். இது ஒரு நோயா மேடம்? ஞாயித்துக்கிழமை தின்ன கறி.”

அதுதான் நோயே என்று விளக்கினேன். லீவில் நெஞ்சு தெளியும். திரும்பி வந்த முதல் நாள் தூசி பட்டதும் இறுகும்.

“நீங்க டாக்டரா?”

பி.எஸ்சி. விலங்கியல் என்று சொல்லவில்லை.

6.11, வியாழன். மழை.

குடைக்கம்பி, மிளகு, அம்மாவுக்கு மாத்திரை. மூன்றும் வாங்க மறந்தாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு சீவும் கார்டிங் பிரிவுப் பெண்களிடம் போனேன். ஏற்கனவே செய்தி போயிருந்தது.

“ஏட்டி, ஊதச் சொல்லுதாக. ஊதாதவளை வீட்டுக்கு ஊதித் தள்ளிருவாக!” என்றாள் பாக்கியம். ஒரே சிரிப்பு.

“ஒங்களுக்கென்னக்கா, ஏசி ரூம்பு” என்றாள் இன்னொருத்தி.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும். முப்பத்தெட்டு வயது. சேத்தூர் பஸ்ஸில் ஏற மூன்று படி; இரண்டாவதில் மூச்சு வாங்க நிற்கிறாள்.

“நான் ஊதுதேன்க்கா. எம்பேரை மட்டும் எழுதாதீக. மக நர்சிங் படிக்கா. இன்னும் ஒரு வருசம் ஓட்டணும்.”

எல்லார் மேலும் எரிச்சல். அவர்கள் பயம் நியாயமானது என்பதால் இன்னும் எரிச்சல்.

7.11, வெள்ளி.

மே. சிரித்த முகமாக: “முகாம் நடத்திருவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். உற்பத்தி நிக்காது. வாரவங்களுக்கு பஜ்ஜி, காபி.”

ஞாயிறு வீண் என்றேன். திங்கள் வேலை தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை ஊத வேண்டும்.

“முகாம் கேட்டீங்க, குடுத்தாச்சு. கிழமையும் ஒங்க இஷ்டமா?”

செவ்வாயன்று நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். கத்தியை நானே தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

9.11, ஞாயிறு. வெயில்.

முப்பது பேர். ஒரு லீவு நாள் முழுக்கத் தூங்கி எழுந்த நெஞ்சுகள். ஊதும் கருவியில் எல்லாருக்கும் முள் நன்றாக ஏறியது. செல்லத்தாய்க்கும்.

“பாத்தீகளாக்கா, எனக்கு ஒண்ணுமில்லை!” முகமெல்லாம் சந்தோஷம். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

வீட்டில் இவர்: “கேம்ப் ஜோரா நடந்துச்சாமே? போட்டோ வந்துச்சு.” சாம்பாரைத் தாளித்தேன். கடுகு கருகிவிட்டது.

முகாம் முடியும் முன்பே மே. அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். ‘அனைவரும் நலம். மேற்கொண்டு திட்டம் தேவையில்லை.’ கீழே என் கையெழுத்துக்கு இடம். செவ்வாய்க்குள் வேண்டுமாம்.

10.11, திங்கள். புழுக்கம்.

மதியம் மூன்று மணி. செல்லத்தாய் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். கை நெஞ்சில். சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று, “நேத்து அம்புட்டு நல்லா ஊதுன! இன்னைக்கு என்ன நடிப்பு?”

என் முகாமைக் காட்டி அவளைத் திட்டுகிறான்.

அவனை அனுப்பிவிட்டு, ஊதும் கருவியை எடுத்து வந்தேன். மூன்று முறை ஊதினாள். நேற்றைய அளவில் பாதிகூட வரவில்லை.

“எழுதிராதீகக்கா.”

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சுந்தரபாண்டியம் போகிற ஒருத்தி வழி முழுக்க மருமகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். காதில் விழுந்தும் விழாமலும்.

அறிக்கை பையில் அப்படியே இருக்கிறது. கையெழுத்துப் போடப் போவதில்லை. நாளை மில்லுக்குப் பஸ் ஏறாமல், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு. செல்லத்தாயின் ஞாயிறு அளவு, திங்கள் அளவு, இரண்டும் ஒரே தாளில். தொழிலாளி பெயர் என்ற இடம் காலியாக. புகார் தருபவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர்.