முதலில் கட்டில் ஓரம்

ஜனவரி 8
கடுங்குளிர். நடக்கவில்லை.

ஜனவரி 9
மாவட்ட மருத்துவமனையிலிருந்து டாக்டர் பேசினார். சின்னப் பையன். மனசுக்கு ஓர் உந்துதல் வேண்டுமாம், ஏதாவது லட்சியம் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"மறுபடியும் குதிரை ஏறணும்னு வச்சுக்கங்களேன்."

கீழே தள்ளியதே குதிரைதான். பக்கத்து வீட்டுத் துர்தாகுன் மகன் கல்யாணத்தில், இந்த வயதில், இளவட்டங்களோடு குதிரையேறிக் கிடாய் பறிக்கும் கோக்-போரு ஆடப் போனேன். தரையில் கிடந்த செத்த ஆட்டுக்கிடாயைத் தூக்கக் குனிந்தது நினைவிருக்கிறது. பிறகு தொடையில் இரும்புக் கம்பி. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் பேசுவதற்கு முன்னால் ஒரு பெண் லைனில் வந்து நோயாளியின் பெயர் கேட்டிருக்கிறாள். மருமகள் ஜிபெக் வழக்கப்படி மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 12
மகன் உலான் ஆடுகளோடு கணவாய்க்குக் கீழே, குளிர்காலக் கிடையில் இருக்கிறான். வீட்டில் நானும் ஜிபெக்கும்தான். அவளுக்கு இது எட்டாம் மாதம்.

வாளியைப் பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதுகிறேன். என் கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி. காலையில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து அதை எடுத்துக்கொண்டு, முற்றத்து ஐஸைத் தாண்டிக் கழிவறைக்குப் போகிறாள். நான் சுவரில் தொங்கும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் உள்ள பூ ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும்.

இன்று வழுக்கிவிட்டது. அவள் விழவில்லை, வாளி விழுந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 13
வாக்கரை வைத்துக்கொண்டு கழிவறைக்கு நானே போனேன். டாக்டர் இதை லட்சியம் என்று எழுதிக்கொள்ளட்டும்.

திரும்பும்போது முடியாமல் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். மதிலுக்கு மேலே துர்தாகுனின் தொப்பி.

"என்ன ஷர்ஷென், விறகு வியாபாரமா?"

ஜனவரி 20
வெளிவாசல் வரை போகலாம் என்று போனேன். விழுந்தேன். ஜிபெக்கால் குனிய முடியவில்லை. சால்வையைக் கழற்றி என் தலைக்கு அடியில் திணித்துவிட்டு மதிலைப் பார்த்துக் கத்தினாள். துர்தாகுன் வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தான்.

"அந்தக் கிடாயையே தூக்கிடலாம்டா. நீ அதைவிடக் கனம்."

எலும்பு எதுவும் உடையவில்லை. படுத்துக்கொண்டேன்.

ஜனவரி 21
படுக்கை.

ஜனவரி 23
படுக்கை. வாளி.

ஜனவரி 26
எதற்கு நடக்க வேண்டும்? யார் காத்திருக்கிறார்கள்? நடந்து போய் என்ன கிழிக்கப் போகிறேன்? மறுபடியும் அந்தச் சுவர், அந்தப் பூ.

உலான் சிக்னலுக்காக ஏதோ மேட்டில் ஏறி நின்று போனில் பேசினான். "நீ நடக்கலன்னா நான் கீழ வந்துடறேன்ப்பா." அவன் வந்தால் ஆடுகளை யார் பார்ப்பது? தினமும் நடக்கிறேன் என்றேன். ஜிபெக் பக்கத்தில்தான் நின்றாள்.

பிறகு தேநீர் கொண்டுவந்தாள். கட்டில் பக்கத்தில் வைக்காமல் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"தேத்தண்ணி எங்க?" என்று கத்தினேன்.

"மேசையில இருக்கு மாமா." சமையலறையிலிருந்து, மிக மரியாதையாக.

நல்ல வளர்ப்பு. ஆறிப்போன பிறகு நின்றுகொண்டு குடித்தேன்.

ஜனவரி 28
இன்று ஜிபெக் கட்டில் முன்னால் வந்து நின்றாள். உள்ளே வந்தபோதே பூட்ஸ் போட்டிருந்தாள்.

"நர்ஸம்மா என்னையும் தினம் நடக்கச் சொல்லிருக்கா. ஐஸைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு. தனியாப் போக மாட்டேன். நீங்க வாங்க."

"நான் விழுந்துட்டா?"

"நான் தூக்க மாட்டேன்."

"நீ விழுந்தா?"

"நீங்க தூக்க மாட்டீங்க. கணக்கு சரியாப் போச்சு."

வெளிவாசல் வரை போய் வந்தோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கவே சரியாக இருந்தது.

பிப்ரவரி 6
கால்வாய் வரை. அவள் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டே முன்னால் போகிறாள், நான் சாம்பலை மிதித்துக்கொண்டு பின்னால். மதில் மேல் துர்தாகுன்: "இதுல யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது?" இவனுக்கு வீட்டில் வேலையே இல்லையா?

பிப்ரவரி 7
வலி. போனோம்.

பிப்ரவரி 15
பனிக்காற்று. கால்வாய்க் கரையில் ஜிபெக் ஒரு கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "முடியல மாமா. போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. எங்கம்மாகிட்டயே போயிருக்கணும்." அவள் அம்மா வீடு தோக்மோக்கில். அங்கே போகாமல் இருந்தது எனக்காக. அதை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல கறி கிடக்கே, கருகிடப் போகுது" என்றேன்.

எழுந்துவிட்டாள். அடுப்பில் கறி இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 27
விடிந்ததும் ஜிபெக்குக்கு வலி வந்துவிட்டது. துர்தாகுன் காரில் கூட்டிப் போனான். கேலி எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. காரில் கால் மடங்காது, நான் போகவில்லை.

கூட நடக்க ஆள் இல்லை. நடந்தேன்.

பிப்ரவரி 28
வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். பெண் குழந்தை. இரண்டு உயிரும் இருக்கிறது. ஆடுகளைப் பார்க்கத் துர்தாகுனின் தம்பி கிடைக்குப் போயிருக்கிறான், உலான் இறங்கி வருகிறான்.

மார்ச் 1
ஜிபெக் போன் செய்தாள். குரலே இல்லை.

"எந்திரிச்சு நடக்கச் சொல்றாங்க மாமா. நர்ஸு திட்டுறா. தையல் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. என்னால முடியாது."

டாக்டர் சொன்ன லட்சியமெல்லாம் ஞாபகம் வந்தது. எதுவும் உதவாது.

"கதவு தூரமா?"

"ரொம்ப."

"கதவை விடு. கட்டில் ஓரத்துக்கு வர முடியுமா?"

நெடுநேரம் துணி உரசும் சத்தம். ஒரு கெட்ட வார்த்தை — அவளுக்கு அதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"வந்துட்டேன்."

"சரி. அங்கயே இரு. கதவைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்."

மார்ச் 3
உலான் வாடகைக்கு வேன் பிடித்தான். பின்னால் காலை நீட்டிக்கொண்டு போனேன், கையில் வாக்கருக்குப் பதில் ஊன்றுகோல். பிரசவ வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. எல்லாக் குடும்பங்களும் கீழே பனியில் நின்று மேலே பார்க்கின்றன.

இரண்டாம் மாடி ஜன்னலுக்கு ஜிபெக் நடந்து வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். துணிச் சுருளை உயர்த்திக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து குழந்தை யார் சாயலிலும் இல்லை. ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினேன். அவள் உள்ளே போகவில்லை, நானும் நகரவில்லை.

உலான் காவலாளியிடம் கெஞ்சி எனக்காக ஒரு நாற்காலி வாங்கி வந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே அதில் உட்கார்ந்துகொண்டான்.