தேவிகாபுரம் ரோட்டில் இடது பக்கமாக

வண்டிச் சாவியை என் கையில் விட்டுவிட்டுப் போன பத்மா அக்காவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்கூட்டரை தேவிகாபுரம் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய், முழுசாகத் திரும்பி வந்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? எங்கள் வீட்டுக்காரர். நீங்கள் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். எனக்கே இன்னும் பாதி நம்பிக்கைதான்.

நாம் சேர்ந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது அக்கா. ஆரணி உங்களுக்குப் பிறந்த ஊர், எனக்குப் புகுந்த ஊர். ஆனால் இரண்டு பேருக்குமே ஊர் தெரியாது. நீங்கள் மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் பஹ்ரைன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லீவில் வந்தால் கல்யாண மண்டபம், பட்டுக்கடை, மறுபடி ஏர்போர்ட். ரிடையர் ஆகி ஒரே தெருவில் வந்து குடியேறினோம், பின்னாலேயே கொரோனாவும் வந்தது.

தெருவே நம் இரண்டு வீட்டையும் பார்த்துப் பயந்தது ஞாபகமிருக்கிறதா? 'பாரின்லேர்ந்து வந்தவங்க' என்று எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவார்கள். பேச ஆளில்லாமல்தான் மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு நீங்களும் நானும் பேச ஆரம்பித்தோம். அந்தப் பயம் மட்டும் இல்லையென்றால் நாம் வெறும் 'நல்லா இருக்கீங்களா'வோடு நின்றிருப்போம் இல்லையா?

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள், நீங்கள் வண்டியை வெளியே எடுத்தீர்கள். "சகு, மழ வருது, வா போலாம்" என்று கூப்பிட்டதும் நானும் ஓடி வந்து ஏறிக்கொண்டேன். வளைகுடாவில் வருஷத்துக்கு ஒருதரம் இரண்டுதரம் மழை வந்தால் அப்படித்தானே, வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவோம். எதிர்வீட்டில் தறி நெய்கிற சுலோச்சனா ஜன்னலில் நின்று, "இன்னாங்க இது, எல்லாரும் உள்ள வந்துகினு இருக்காங்க, நீங்க வெளிய போறீங்க" என்றாள். நனைந்து திரும்பி வந்தபோது எனக்கு இருபது வயது குறைந்திருந்தது.

அதற்கப்புறம் நாம் சும்மா இருந்தோமா? படவேட்டு வாழைத்தோப்புகள், பெயர் தெரியாத ஏரிகள், மூடிக்கிடந்த கோயில்கள். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, "சாமியும் குவாரன்டைன்ல இருக்காரு, தொந்தரவு பண்ணாத வா" என்பீர்கள்.

சந்தவாசல் பக்கம் புளியந்தோப்பில் கூத்துக்காரர்கள் பட்டப்பகலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியுமா? திருவிழாவே நடக்காத வருஷம். பார்க்க வந்தவர்கள் நாமும் சில ஆடுகளும்தான். லுங்கி கட்டிய ஒருவர் திரௌபதியாக அழுதுகொண்டிருந்தார், மாஸ்க் தாடையில் தொங்கியது. நீங்கள் உடனே நர்ஸாகிவிட்டீர்கள். மாஸ்க்கை மேலே ஏற்றச் சொன்னதும் அவர் அழுகையை நிறுத்திவிட்டு, "மூக்க மூடிகினு எப்டிமா அழுவுறது?" என்று கேட்டார். "சரி, அழுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் ஆடுகளோடு போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

இத்தனை ஊர் சுற்றியும் நமக்கு ஒரு விஷயம் உறைக்கவே இல்லை. நீங்கள் வண்டியை ரோட்டின் வலது பக்கமாகவே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். மஸ்கட்டில் அத்தனை வருஷம் கார் ஓட்டின கை அது. எதிரே ஒரு வண்டி வந்தால்தானே தெரியும், அப்போதெல்லாம் ரோடே நமக்குத்தான் எழுதி வைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். பஹ்ரைனிலும் அதே வலது பக்கம்தான், அதனால் எனக்கும் எல்லாம் சரியாகவே பட்டது.

பஸ் ஓட ஆரம்பித்த புதிதில் தேவிகாபுரம் மலையைப் பார்க்கக் கிளம்பினோம். வளைவில் நேருக்கு நேராக பஸ். நீங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்குள் வண்டியை இறக்கினீர்கள், நான் வண்டிக்கு முன்னாலேயே போய் இறங்கியிருந்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, உங்க பக்கம் அந்தாண்டமா. எந்த ஊரு ரோடுன்னு நெனச்சிகினு வர்றீங்க?" என்றார். அப்போதுதான் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நம்மைத் திட்டுவாள் என்று பார்த்தால், உட்காரவைத்துக் கடலை பறித்துக் கொடுத்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததில் மலை அன்றைக்கு நின்றுபோனது.

மறுநாள் நீங்கள் சுலோச்சனாவிடம் மிச்சப் பட்டு நூல் கேட்டீர்கள். மயில் கழுத்து நிறம். அதை வண்டியின் இடது கைப்பிடியில் சுற்றிக் கட்டி, "இந்த நூல் இருக்கிற பக்கம்தான் நம்ம ஊர்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் பக்கம் மாறவில்லை. தேவிகாபுரம் மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

போன ஆடியில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். உங்கள் பிள்ளை கனடாவிலிருந்து வந்து எல்லாம் முடித்துவிட்டு, "ஆன்ட்டி, வண்டிய வித்துடட்டுமா?" என்று கேட்டான். "வேணாம்பா, நான் வெச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்று அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் அழுத அழுகைக்கு மாஸ்க் எல்லாம் தாங்கியிருக்காது.

இதற்கிடையில் எங்கள் பிள்ளை பெங்களூரிலிருந்து தினமும் போன். பதினோராவது மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம், இங்கே தனியாக என்ன செய்கிறீர்கள் என்கிறான். இவருக்கும் ஆசைதான். டிவி எங்கே இருந்தாலும் டிவிதானே. எனக்கோ நினைத்தாலே மூச்சு முட்டியது. ஒரு வாழ்க்கை முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன், மறுபடி உள்ளே போவதா?

ஒருநாள் சண்டை முற்றிப்போய், "இங்க இருந்து நீ எங்க போவப்போற? உன்ன கூட்டிகினு சுத்த பத்மாவும் இல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றேன். சிரித்தார். "தேவிகாபுரம் வரைக்கும் என்ன வெச்சி ஓட்டிகினு போய் வந்துடு. அப்புறம் பெங்களூர் பேச்சே எடுக்கமாட்டேன்" என்றார். ஜெயிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னார்.

நான் பழகின கதை தெருவுக்கே வேடிக்கை. காலையில் தெருவில் தறிக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள், அத்தனையும் பட்டு இழை. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாலே சுலோச்சனா, "டீச்சரம்மா, செவுத்துல வேணா மோதுங்க, பாவு மேல மட்டும் ஏத்திடாதீங்க" என்று கத்துவாள். பிறகு அவளே ஏரிக்கரைக்கு வந்து, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். முழங்கால் இரண்டும் தேய்ந்தது. லைசென்ஸுக்கு எட்டு போடச் சொன்னார்கள். முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். அடுத்த தடவை அழகாக எட்டு போட்டேன் அக்கா, ஆயுள் முழுக்க கரும்பலகையில் எட்டு போட்டவள் இல்லையா நான். ஆபீசர் என் வயதைப் பார்த்துவிட்டு, "எதுக்குமா இப்ப?" என்றார். மலை பார்க்க என்று சொன்னேன்.

போன வாரம் கிளம்பினோம். இவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி பின்னால் ஏறினார். "மெதுவா போ", "பள்ளம் வருது பாரு", "ஹாரன் அடி" என்று வழி முழுக்கப் பேச்சு. நானும் உங்கள் பின்னால் இப்படித்தான் உயிரை வாங்கினேனா?

அந்தக் கடலைக் கொல்லை வளைவு வந்தது. எதிரே பஸ்ஸும் வந்தது. ஒரு நொடி என் கை வலது பக்கமாக இழுத்தது அக்கா, உங்கள் பின்னால் உட்கார்ந்த உடம்பு அது. கண்ணில் மயில் கழுத்து நூல் பட்டது. அந்தப் பக்கமாகவே பிடித்துக்கொண்டேன். பஸ் உரசாமல், திட்டாமல், தன் பாட்டுக்குப் போனது. எனக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போல இருந்தது. இவர் பயந்துவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மலை ஏற இவர் நாலைந்து இடத்தில் உட்கார்ந்தார். நான் பொறுமையாக நின்றேன். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் பச்சையும் ஏரியும் கீழே பெரிய கோபுரமும். இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவ்ளோ பக்கத்துலயா இருந்துது இதெல்லாம்?" என்று கேட்டார். நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அது. உங்களுக்காகவும் சேர்த்துப் பார்த்தேன்.

அங்கேயே பிள்ளையின் போன் வந்தது. வாங்கப்போனேன், இவர் தரவில்லை. "நாங்க வர்லப்பா. அம்மாகிட்ட வண்டி இருக்குது" என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் எங்க போறோம்?" என்று கேட்டார்.

அக்கா, நாம் ஜெயித்துவிட்டோம்.

சந்தவாசல் பக்கம் இந்த வருஷம் கூத்து உண்டாம். முதல் வரிசையில் உட்கார்ந்து, அந்தத் திரௌபதி மூக்கை மூடாமல் நன்றாக அழுகிறாரா என்று பார்த்து வந்து சொல்கிறேன். மழை வந்தால் உள்ளே இருக்க மாட்டேன். நூல் சாயம் போனால் சுலோச்சனாவிடம் வேறு வாங்கிக் கட்டுவேன். எங்கே போனாலும் இடது பக்கமாகவே போவேன், இது சத்தியம்.

இத்தனை நாள் பின்னால் இருந்து இப்போது முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்,
உங்கள் தங்கச்சி
சகு