பரவாயில்லை என்று சொன்ன வாய்

மார்ச் 3
ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம். இன்னும் பெல்ட் போட முடியவில்லை, தோள்வார் வைத்த கால்சட்டைதான். வலது அடிவயிற்றில் துணி உரசினாலே தீக்குச்சி கிழித்த மாதிரி எரிகிறது. காலையில் அறுபது மாட்டையும் பியர்த்தே ஒருத்தியே மெஷின் மாட்டிக் கறந்தாள். கட்டின பெண்டாட்டி மாடாய் உழைக்கிறாள், நான் கதவோரம் நிற்கிறேன். வெட்கக்கேடு.

மார்ச் 11
ஆபரேஷன் செய்த டாக்டர் ஐந்து நிமிடம் தந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றார். பரவாயில்லை என்றேன். "தையல் பிரமாதமா ஆறியிருக்கு!" அவ்வளவுதான், போகலாம். நாசமாய்ப் போக.

மார்ச் 12
வலி.

ஏப்ரல் 9
என் மருத்துவக் குறிப்புகளைப் பியர்த்தே கணினியில் எடுத்துப் படித்தாள். ஆறு முறை போயிருக்கிறேன். ஆறு முறையும் ஒரே வரி — நலமாக இருப்பதாகச் சொல்கிறார்.

"யாரு சொன்னா இத?"

"நான்தான்."

"அட மனுஷா! வீட்ல வலியில மேசையக் குத்துற, அங்க போய் பரவாயில்லன்னுட்டு வர்றியா?"

டென்மார்க்கில் மேற்கு ஜட்லாண்டுக்காரன் வேறென்ன சொல்வான்? புயலில் கொட்டகைக் கூரை பறந்தபோதும் அப்பா பரவாயில்லை என்றுதான் சொன்னார். ஒரு வருஷமாக டாக்டரைத் திட்டினேனே, வாய் என்னுடையதல்லவா? ஆனால் அந்த ஆளும் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம்.

மே 20
வலி சிகிச்சைப் பிரிவு. பியர்த்தேயும் வந்தாள். வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் ராக்ன்ஹில்ட் கேட்டதும் என் கையை நெரித்தாள். ஒன்பது என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன், ஐம்பத்தாறு வயதில்.

சில்லென்ற உருளையை ஓட்டி, எரிகிற இடத்தைப் பேனாவால் வரைந்தார். உள்ளங்கை அளவு. நரம்பருகே மரப்பு ஊசி போட்டார். வலி போயே போய்விட்டது!

"அப்ப நரம்புதான். ஹெர்னியாவ அடைக்க உள்ள வச்ச வலைய எடுத்துட்டு நரம்ப வெட்டிடலாம். ஆனா வரிசை இருக்கு, அக்டோபர் ஆகும். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

மாலையில் நானே கறந்தேன். பாட்டுக்கூடப் பாடினேன். கடைசி மாட்டைக் கறக்கும்போது எரிச்சல் திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 30
பியர்த்தேயின் தோள் போய்விட்டது. அக்டோபர் வரை யார் கறப்பது? மாடுகளை விற்றுவிட்டோம். கிழட்டுச் சிவப்பி லாரியில் ஏற மறுத்து என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அக்டோபர் 17
வலையை எடுத்துவிட்டார்கள். மூன்று நரம்பை வெட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி 8
பெல்ட் போட்டேன். அந்த உள்ளங்கை அளவு இடம் மரக்கட்டை, கிள்ளினாலும் தெரியவில்லை. வலி இரண்டு, சில நாள் ஒன்று. ஐந்து மாதம், வெறும் ஐந்து மாதம் முந்திச் சொல்லியிருந்தால் மாடுகள் இருந்திருக்கும்!

பழக்கதோஷம், ஐந்து மணிக்கே விழிப்பு. தொழுவத்தில் விளக்கைப் போட்டேன். பெருக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் பெருக்கினேன். பியர்த்தே காபியோடு வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"வலிக்கல."

"அத கேக்கல."

பரவாயில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"தாங்க முடியல, பியர்த்தே."

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு துடைப்பத்தை எடுத்தாள்.