டங்கன் கல்யாணத்துப் பாட்டு

லெட்பரி,
அக்டோபர் 9

அன்புள்ள சிக்ரிட்டுக்கு,

உன் மாமியார் ஹிலரி எழுதுவது. நாங்கள் நலம். உன் மாமனார் லயனலுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மாத்திரை சாப்பிடச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். தேவாலயக் கூரை இன்னும் ஒழுகுகிறது. வாளிகளுக்கு நடுவில் நின்றுதான் பாடகர் குழுவுக்கு ஒத்திகை நடத்துகிறார். உங்கள் ஊர் பெர்கனில் மழை இதைவிட மோசம் என்றாலும் அங்கே கூரையாவது ஒழுங்காக இருக்கும்.

நீ ஹோகனை மணக்கப் போவதாக எழுதியதைப் படித்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான். என் டங்கன் போய் நான்கு வருடமாகிறது. நீ இன்னும் எத்தனை நாள் தனியாகக் கிடப்பாய்? ஆனால் உனக்கும் டங்கனுக்கும் நடந்த கல்யாணத்துக்கு லயனல் இசையமைத்த பாட்டையே இந்தக் கல்யாணத்திலும் பாட வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அங்கேதான் நெஞ்சு சுருக்கென்றது.

காரணம் எனக்குப் புரியாமலில்லை. மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் இங்கே பாடுவது வழக்கம். அன்று நீயும் டங்கனும் அதற்காகப் பக்கத்து அறைக்குள் போனீர்கள். பாதிரியாரின் பேனா எழுதவில்லை; வேறு பேனா தேடி, கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. வேதாகமத்தின் காதல் வரிகளை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க மெட்டுக்கட்டினார் மனிதர். ஊரே கேட்டது, உங்கள் இருவரைத் தவிர. “விடுங்கப்பா, எங்க வெள்ளி விழாவுக்குப் பாடினாப் போச்சு” என்று டங்கன் சிரித்தான்.

லயனல் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “அது என் புள்ளையோட பாட்டு. இன்னொரு மாப்பிள்ளைக்கு எப்படிக் குடுப்பேன்?” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த ஒத்திகையில், குழுவில் பாடும் பிரெண்டாதான், “பைபிள்ல இருக்கற வரிய எடுத்து வெச்சுக்கிட்டு, ஏதோ உங்க பாட்டன் சொத்து மாதிரி பேசறீங்களே லயனல்” என்று வாயைக் கிளறினாள். வீட்டுக்கு வரும் வழியில், “பாவம், அந்தப் பொண்ணு அன்னிக்கு அந்தப் பாட்டைக் காதால கேக்கவே இல்லல்ல” என்றார்.

அதன் பிறகு தானே உட்கார்ந்து புதிதாக ஒரு பிரதி எழுதினார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய பிரதியின் மேலே உன் பெயரும் டங்கன் பெயரும் இருக்கும், இதில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அவங்க ரெண்டு பேரும் சேந்து நம்மகிட்டயே இருக்கட்டும்” என்றார்.

நீ உட்கார்ந்து முழுவதும் கேள், அம்மா. கையெழுத்தெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் வரவில்லை. முழங்கால் வலி என்று மற்றவர்களிடம் சொல்லிவிடு. உண்மையில், ஹோகன் நிற்கும் இடத்தில் என் கண் டங்கனைத் தேடும். கல்யாண நாளில் என்னுடைய அந்த முகத்தை நீ பார்க்க வேண்டாம்.

நீயும் ஹோகனும் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். வீடு நிறையக் குழந்தைகள் பிறக்க வேண்டும். அந்தக் குழந்தைகள் எங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியவில்லை. நீயே யோசித்து, ஏதாவது ஒரு முறை சொல்லிக் கொடு.

உன்,
ஹிலரி