தொண்டை சரியில்லை என்று சொன்னோம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றுதான் அன்றைக்குக் கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் குளியலறைக் குழாய் ஒழுகுகிற கதையைச் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா போனபோது நீ இணையத்தில் அறிவிப்புப் போட்டாயே, பிறந்த தேதி, பிறந்த வீட்டுப் பெயர், கல்யாணப் படம் எல்லாம் வைத்து. உன்னைக் குறை சொல்லவில்லை அம்மாடி, அக்கம்பக்கத்தில் காட்டிக் காட்டி அழுதவனே நான்தான். எவனோ ஒரு பாவி அந்தத் தேதியைப் போட்டு அம்மா எல்லோரோடும் எழுதிப் பேசுகிற இணையக் கணக்கைத் திறந்துவிட்டான். அவள் பாஸ்வேர்ட் அதுதானே, வேறென்ன வைப்பாள், அதையும் மறந்துவிட்டு நான் அவளிடம் வாங்கிய திட்டு கொஞ்சமா. உள்ளே போய்ப் பழைய பேச்சையெல்லாம் படித்துவிட்டு, அவளைப் போலவே எல்லோருக்கும் எழுதியிருக்கிறான். சொந்தக்காரர்கள் பதறிப்போய் ஒதுங்கிவிட்டார்கள், எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, என் மனசு புண்படுமாம். ஒரே ஒருவர் பதில் போட்டிருக்கிறார், உன் பெரியம்மா. அவருடைய இதயம் தாங்காது என்று நாம் சாவை மறைத்தோமே, தங்கைக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது என்று கதை கட்டினோமே, அது அந்தத் திருடனுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று பார். குரல் கொடுக்க வேண்டிய தொல்லையே இல்லை, எழுதினால் போதும். உனக்கு மருத்துவக் காப்பீடு போடுகிறேன், அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்றானாம், அனுப்பிவிட்டார். போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் பெண், "சார், தங்கச்சி அட்டை கேட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க, அவங்கதான் இப்போ இல்லையே" என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அதற்குள் பெரியம்மா பெயரில் அவருக்கே தெரியாமல் ஒரு வங்கிக் கணக்கு முளைத்துவிட்டது.

சொன்னால் அவர் உயிருக்கு என்ன ஆகுமோ, சொல்லாவிட்டால் அவன் அடுத்து எதைக் கேட்பானோ. பெரியம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் இதே குடைச்சல். கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிவிட்டேன், எப்படிச் சொன்னேன் என்று மட்டும் கேட்காதே. நர்ஸ் பெண் மாத்திரையும் கையுமாக நின்றாள். பெரியம்மா அழவில்லை. போனை என்னிடம் நீட்டி, அப்போ இது யாரு என்றார். திருடன் என்றேன். "அந்தத் திருடன் தினமும் காலையில மாத்திரை போட்டியான்னு கேட்டான். நீங்கல்லாம் நான் கூப்பிட்டா எடுக்கக்கூட இல்லையே" என்றார். பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்துதானே நாம் எடுக்கவில்லை, அதை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது. அதற்கப்புறம்தான் அழுதார்.

போலீசில் புகார் கொடுத்தாயிற்று, வங்கியில் அந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அம்மாவின் இணையக் கணக்கையும் மூடச் சொல்லிவிட்டேன். அவள் எழுதியது, அவன் எழுதியது எல்லாம் சேர்ந்தே அழியும், பரவாயில்லையா என்று கேட்டார்கள். சரி என்றேன், வேறு வழியில்லை. நீ அந்த அறிவிப்பிலிருந்து தேதியையும் பிறந்த வீட்டுப் பெயரையும் எடுத்துவிடு. உன் பாஸ்வேர்டையும் மாற்று, எங்கள் பெயரோ பிறந்த நாளோ வேண்டவே வேண்டாம். நானே கேட்பதுபோல் வந்தாலும் அட்டை, எண் எதையும் அனுப்பாதே, கூப்பிட்டு என் குரலைக் கேட்டுக்கொள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் வாழ வேண்டும். பெரியம்மாவை மறந்துவிடாதே, எழுதாதே, கூப்பிடு. முதலில் எடுக்க மாட்டார். நேற்று நான் கூப்பிட்டேன், இன்றைக்கும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நீ விட்டுவிடாதே கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா