எந்தப் பெயரைப் போட்டாலும் அப்பா

ஆவணி 3, செவ்வாய்

புழுக்கம். அச்சுக்கடையில் ஃபேன் சத்தம் மட்டும், காற்று இல்லை.

முடிக்க வேண்டியது: வாலாஜாபாத் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. ஃபிளக்ஸ் இரண்டு. அம்மாவுக்குச் சுகர் மாத்திரை.

வெப்சைட் வேலை முடிந்த மாதிரிதான். சர்வரில், முகவரிக்கு முன்னால் பெயர் வரும் சப்டொமைன் இடத்தில், ஒரு ஸ்டார் குறி போட்டாயிற்று. இனி எந்தப் பத்திரிகை அடித்தாலும் அந்த வீட்டுப் பெயரில் முகவரி தானாகத் திறக்கும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து உருவாக்க வேண்டாம். அப்பா பெயரைப் போட்டேன், அப்பா பக்கம் வந்தது. போதும் என்று மூடிவிட்டேன். வாலாஜாபாத் பெண்ணின் முகவரி பத்திரிகை அடியில் அச்சாகிவிட்டது.

அப்பா பக்கம், அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் செய்த முதல் பக்கம். மாலை போட்ட படம், கீழே சொந்தக்காரர்கள் எழுதின வரிகள். அம்மா தினமும் குளித்துவிட்டு ஃபோனில் அதைத்தான் திறக்கிறாள்.

ஆவணி 5, வியாழன்

காலையிலேயே ஃபோன். வாலாஜாபாத் பெண்ணின் அப்பா, ரைஸ்மில் மேஸ்திரி. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னாம்மா இது? பொண்ணு பேர போட்டா எவனோ செத்தவன் படம் வருது. சம்பந்தி வூட்ல பாத்துட்டாங்க. கல்யாணமா, கருமாதியா?"

எவனோ. எங்கப்பாவை.

போட்டுப் பார்த்தேன். பெண் பெயர்: அப்பா. மாப்பிள்ளை பெயர்: அப்பா. என் பெயர், ஊர்ப் பெயர், கத்திரிக்காய், எதைப் போட்டாலும் அப்பா, மூக்குக் கண்ணாடியோடு. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை.

வேறு முகவரி வைக்கலாம் என்றேன்.

"பத்திரிகைய மஞ்ச தடவி கொலசாமிக்கு வெச்சாச்சும்மா. அதுல ஒரு புள்ளி மாத்த முடியாது. நாளிக்கி சம்பந்தி வூட்டுக்காரங்க பேச வராங்க. எம்பொண்ணு சாப்புடாம படுத்துக்கினு கீது. அதுக்குள்ள அந்தாள எடு."

வெப்சைட்டுக்கு சர்வர் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஆறு தடவை ஃபோன். பாட்டு, பாட்டு, பாட்டு. கடைசியில் பொறுமையாக ஒரு பெண்: "மேடம், ஸ்டார் எல்லாப் பேரையும் ஒரே ஃபோல்டருக்குத்தான் அனுப்பும். பேரைப் பாத்துப் பிரிச்சு அனுப்புற ஸ்கிரிப்டை நீங்கதான் வைக்கணும். அங்க இருக்கிறது ஒரே ஒரு பக்கம்."

அந்த ஃபோல்டரில் அப்பாவை வைத்தது நான். இரண்டாவதாக ஒரு பெயரைச் சோதிக்கத் தோன்றவில்லை. முட்டாள். அந்தக் கல்யாணம் நின்றால் அது என்னால்தான்.

ஆவணி 6, வெள்ளி

தூறல். கடையைத் திறக்கவில்லை, உள்ளே உட்கார்ந்து ஸ்கிரிப்ட். இருபது வரிகூட இல்லை. பெயரைப் பார். அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தால் திற. இல்லாவிட்டால் ஒரு வரி காட்டு. மூன்று தடவை வெள்ளைத் திரை. நாஷ்டா இல்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மேஸ்திரி. "சம்பந்தி வண்டி பழையசீவரம் தாண்டிச்சாம். தூக்கும்மா அத்த, மொதல்ல தூக்கு!"

ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் டெலீட். ஸ்கிரிப்டையும் பெண் பெயரில் ஒரு ஃபோல்டரையும் ஏற்றினேன். பெண் பெயரைப் போட்டேன். பெண் வந்தாள். மாப்பிள்ளை, மண்டபம், வழி, எல்லாம்.

சாயங்காலம் மேஸ்திரியே கூப்பிட்டார். "சிரிச்சிக்கினு பேசிட்டு போனாங்கம்மா. நீ நல்லா இருக்கணும். ஆமா, யாரும்மா அந்த ஆளு?"

"எங்கப்பா."

"மன்னிச்சுக்கம்மா" என்று வைத்துவிட்டார்.

ஆவணி 7, சனி

அப்பாவைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

படம் கடையில் இருக்கிறது. மற்றவர்கள் எழுதின வரிகள் எங்குமே இல்லை. ஹோஸ்டிங்கில் கெஞ்சினேன். என் பிளானில் பேக்கப் நகல் கிடையாதாம். பெரியப்பா எழுதினது மட்டும் ஞாபகம்: "தம்பி, உன் சைக்கிள் சாவி என்னிடமே இருக்கிறது." மற்றதெல்லாம் போயிற்று. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நெட் இல்லை என்று இன்றைக்குச் சமாளித்தேன்.

ஆவணி 8, ஞாயிறு

வெயில். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

அம்மா ஈரத்தலையோடு ஃபோனை நீட்டினாள். "அப்பா வரலடி. இன்னாவோ எழுதி கீது. கண்ணாடி இல்ல, நீ படிச்சி சொல்லு."

ஸ்கிரிப்டில் நான் எழுதின வரிதான். சரியாகவே வேலை செய்கிறது.

இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.