விளக்கை அணைத்தது யார்?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள், அதனால் எழுதிக் கேட்கிறேன். நான் நலம்.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நம் வீட்டில் ஒரு கள்ள ஆள் இருக்கிறார். நான் அங்கே விட்டுவந்த வீடியோ கேமுக்குள் யாரோ என் பெயரில் நுழைகிறார்கள். இங்கே ஹாஸ்டலில் என் லேப்டாப்பில் அதே கேமைத் திறந்தால், அதில் நான் கட்டிய வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது.

முதலில் தங்கச்சியைச் சந்தேகப்பட்டேன். "போண்ணா, நானா இருந்தா உன் வீட்டையே கொளுத்தியிருப்பேன்" என்றாள். நியாயம்தான். அம்மாவுக்கு டிவி ரிமோட்டே இன்னும் பிடிபடவில்லை.

துப்பறியும் படங்களில், யார்மேல் சந்தேகமே வராதோ அவர்தான் கடைசியில் மாட்டுவார். நம் வீட்டில் இந்த கேமை "வெட்டி வேலை" என்று திட்டியவர் ஒருவர்தான்.

இன்னொரு தடயமும் உண்டு. வந்தவர் போகும்போது அறை அறையாக விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். கேமில் கரண்ட் பில் வராது அப்பா.

யாரென்று நான் துருவிக் கேட்கப்போவதில்லை. அம்மாவிடம் என் பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். இங்கே என் அறையில் விளக்கு விடிய விடிய எரிகிறது. அணைக்கச் சொல்லி யாரும் சத்தம் போடுவதில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அந்த ஆள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் கேமில் அந்த வீட்டுக்கு வருவேன். வாசல் விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம்.

உங்கள் மகன்